வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்தில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. வாலாஜாபேட்டையில் தனியார் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியை. சேர்ந்து நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் 22,000 ரூபாய்; அதில் அடிப்படை 15,000. பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ஞாயிறுதோறும் டிடிஎஸ் மீட்டரோடு (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) கிணறு கிணறாகப் போய் அளவுகளை நோட்டில் குறித்து வருகிறேன். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேறிவிட்டேன்; அதில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. சேமிப்பு 2,60,000. அம்மாவின் நகை 1,20,000க்கு அடகில் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 18,000. வேலையை விட்டு, 4 லட்சம் கல்விக் கடன் வாங்கி இந்த ஆண்டே சேரலாமா?

பதில்: கட்டாயம் ஆய்வு செய்யுங்கள். கடன் வாங்கி மட்டும் சேர வேண்டாம்.

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025இல் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தக் கரையிலேயே வாழும் ஒருவர் கிணற்று நீரை அளந்து எழுதிவைப்பது இந்த வட்டாரத்துக்குப் பெரிய உதவி. அது பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. எனக்குத் தெரிந்து ஆய்வைக் கைவிட்ட பலரும் மாதச் செலவுக்கு வழியில்லாமல்தான் கைவிட்டார்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அடுத்த மூன்று ஆண்டு 42,000. ஐந்து ஆண்டுக்கு 24 லட்சம், வாடகைப்படி தனி. இன்றைய சம்பளத்தில் அதே ஐந்து ஆண்டுக்கு உங்களுக்கு வருவது 13,20,000தான். பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு; அதனால் 35 வரை எழுதலாம். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும் என்று பதற வேண்டாம். எப்படியும் ஜே.ஆர்.எஃப்.புக்காக மறுபடி எழுதப்போகிறீர்கள். புது மதிப்பெண் வந்துவிடும்.

இன்னும் நான்கு மாதத்துக்கு ராஜினாமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டு நிறைந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியவில்லை. 15,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் ஐந்தாலும் பெருக்குங்கள்: சுமார் 43,000 ரூபாய். அவசரப்பட்டால் அத்தனையும் போய்விடக்கூடும். வேலையை விட்ட பிறகும் வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க வேண்டாம்.

சேமிப்பிலிருந்து முதலில் நகையை மீட்டுவிடுங்கள். வங்கியில் குறைந்த வட்டிக்குப் பணத்தைப் போட்டுவிட்டு, அடகுக்குக் கூடுதல் வட்டி கட்டிக்கொண்டிருப்பது நஷ்டம். மீதி 1,40,000இல் வட்டி போக, ஆறு மாதச் செலவான 1,08,000ஐத் தனியாக ஒதுக்குங்கள். உதவித்தொகை மாதாமாதம் சம்பளம்போல் வராது. சில மாதங்கள் நின்று மொத்தமாக வருவதும் உண்டு. அந்த இடைவெளியில்தான் பலர் கைமாற்று வாங்கத் தொடங்குகிறார்கள்.

மென்பொருளுக்காகவும் செலவு செய்ய வேண்டாம். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இலவசம். நீர் மாதிரிச் சோதனைக்குத்தான் பணம் கரையும். துறையிலேயே ஆய்வகம் இருக்கிறதா என்று உங்கள் ஆய்வை வழிநடத்தப்போகும் நெறியாளரிடம், சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

மூன்று முறை எழுதியும் ஜே.ஆர்.எஃப். கைகூடாவிட்டால், பள்ளியில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகப் பதிவு செய்யுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறை அதற்கு இடம் தருகிறது. சம்பளமும் நிற்காது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை அளவுகளை விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியும் கிணற்றின் இடமும் குறித்து வையுங்கள். பிஎச்.டி. சேர்க்கை நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.