கிணறு உப்புக் கரிக்கிறது. 3,000 ரூபாய் கொடுத்தால் இழப்பீடு வருமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளாகக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது, குரும்பை உதிர்கிறது. மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் நுரையும் சேர்ந்து வருகிறது. உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொல்லிவிட்டது, வீட்டுக்கு 3,000 ரூபாயும் சிட்டா நகலும் கொடுத்தால் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று ஒருவர் ஊரில் வசூல் செய்கிறார். கொடுக்கலாமா? வேண்டாம் என்றால் நாங்கள் யாரிடம் போவது?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் ரசீது கேட்டுப் பாருங்கள், அப்போது அவருடைய முகம் தெரியும். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஆள் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் ஊரே நம்புகிறது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவுகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் அது பாடம். ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத்தான் அதனால் என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைத் தொடர்ந்து அமைந்த இழப்பீட்டு ஆணையம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001 மார்ச்சில் 547 தொழிற்சாலைகள் மீது பொறுப்பைச் சுமத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்றும், தொகை 26 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் முடிவு செய்தது. இப்படி இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணைக்குத் தீர்வாணை என்று பெயர். 2009-இல் இன்னொரு தீர்வாணையும் வந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இன்னும் பணம் போய்ச் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. 2001-இல் முடிவான தொகையைக் கொடுங்கள் என்று 2025-இல் ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் இரத்த அழுத்தம்தான் ஏறும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: 'கொடு' என்று நீதிமன்றம் சொன்னது அந்தத் தீர்வாணைகளில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு. வசூல்காரர் யாரையும் அதில் புதிதாக நுழைக்க முடியாது. ஆனால் உங்கள் தந்தை பெயரோ தாத்தா பெயரோ அதில் இருக்கக்கூடும். ஊர், புல எண் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெயர் இருந்து, அவர் காலமாகிவிட்டிருந்தால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் போதும். இந்தப் பத்து ரூபாய் வேலைக்குத்தான் அவர் 3,000 கேட்கிறார்.

மனுவை எங்கே கொடுப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜா ஆகியவை ராணிப்பேட்டை. பேர்ணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. ஆறு ஒன்று, ஆட்சியர்கள் மூவர். பழக்கத்தில் வேலூருக்கு அனுப்பினால் 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்ற வரியோடு உங்கள் தாள் பல மாதம் ஊர் சுற்றும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் உங்கள் மாவட்ட ஆட்சியரிடமே நேரில் கொடுத்து எண் வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு வாணியம்பாடியிலேயே அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு பிரதி கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு.

இனி தண்ணீர். பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வழி, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. அதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். இங்கே இரண்டாவது ஏமாற்றுக் கும்பல் நுழையும். சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர் வீட்டுக்கு வந்து, உங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். 'பாருங்கள், எவ்வளவு விஷம்' என்பார். அந்த நிறம் அவர் கொண்டு வந்த இரும்புக் கம்பி கரைந்ததால் வந்தது. உப்பு கலந்த எந்த நல்ல தண்ணீரும் அப்படித்தான் மாறும். இதை வீடியோ எடுத்து மனுவோடு இணைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம், உண்மையான புகாரும் அதோடு சேர்ந்து சிரிப்புக்கு இடமாகிவிடும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ முறையாகச் சோதியுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த நீரிலேயே கழுவிய பாட்டிலில் பிடித்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் கிணறு மட்டும் போதாது. ஆற்றின் மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் ஒரு கிணறு என்று மூன்றையும் ஒரே நாளில் எடுங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் உப்பு மண்ணில் இயல்பாக உள்ளதா, எங்கிருந்தோ வந்ததா என்பது தெரியத் தொடங்கும்.

கரைந்த உப்பின் மொத்த அளவு, சோடியம், குளோரைடு, குரோமியம் நான்கையும் கேளுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 'குரோமியம் இல்லை' என்று அறிக்கை வந்தால் மனம் தளராதீர்கள். தோல் பதனிடும் குரோமியத்தில் பெரும்பகுதி கசடிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும், கிணறு வரை எளிதில் வராது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் சாதாரண உப்பு, ஊறவைத்த நீரோடு வெளியேறினால், மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. நேராக நிலத்தடி நீருக்குப் போகும். உங்கள் தென்னை சொல்வது அந்த உப்பைத்தான். நுரையை மட்டும் நம்பாதீர்கள். ஊர்ச் சாக்கடையில் கலக்கும் சலவைத்தூளும் நுரைக்கும்.

'நீங்கள் எடுத்த தண்ணீர் நீதிமன்றத்தில் செல்லாது, எங்கள் ஆளை வைத்து எடுத்தால்தான் செல்லும்' என்று வசூல்காரர் அடுத்துச் சொல்வார். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 21-இல் கடுமையான ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் தொழிற்சாலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். தொழிற்சாலைக்காரர் வேண்டுமென்றே வராமல் போனால் அலுவலர் தானே முத்திரையிட்டு, அதையும் எழுதி அனுப்பலாம். இந்த நடைமுறை தவறினால் அந்த முடிவு சான்றாகாது. சரி. ஆனால் இந்தக் கெடுபிடி தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் மாதிரிக்கு. உங்கள் சொந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு அல்ல. அதோடு, பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. ஆக, கிணற்றை நீங்கள் சோதியுங்கள். கழிவுநீர்க் குழாயை வாரியம்தான் சோதிக்க வேண்டும். நீங்களாகக் குழாய் வாயில் பாட்டிலை வைத்துப் பிடித்து வந்து அதைப் பெரிய ஆதாரம் என்று நினைக்காதீர்கள். எந்தக் குழாய், எந்த நேரம், எந்த மழைக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்து வாரியத்தை வரவழையுங்கள். எல்லாம் வடிந்த பிறகு வந்தால், வந்த தேதியையும் எழுதி வையுங்கள். அதுவும் ஒரு ஆதாரம்தான்.

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். நீங்களோ மூன்று நான்கு ஆண்டு என்று எழுதுகிறீர்கள். 'பட்டியல் வரும், பொறுங்கள்' என்று வசூல்காரர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஐம்பது லட்சம் கேட்டுப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கட்டணமே ஐம்பதாயிரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் குறைந்த கணக்கைக் காட்டக்கூடிய தொகையைக் கேளுங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். தோப்புப் பட்டா உங்கள் மனைவி பெயரில் இருந்தால் அவரே மனுதாரராகட்டும்.

தனியாகப் போகாதீர்கள் என்றும் சொல்வேன். கிராம சபையில் கிணறுகளின் புல எண்களோடு ஒரு தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராம சபை கூடுகிறது. 'ஆற்றைக் காப்பாற்ற வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அதிகாரிகள் மகிழ்ச்சியோடு ஏற்றுக் கோப்பில் வைத்துவிடுவார்கள். இன்ன இன்ன ஆலைகளின் இசைவாணை (ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) நகல், கடைசி ஆய்வு அறிக்கை, சுத்திகரிப்பு நிலையக் கணக்கு ஆகியவற்றை இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதுங்கள். வசூலுக்கு எடுத்து வைத்த 3,000 ரூபாயை மூன்று கிணறுகளின் சோதனைக்குச் செலவழியுங்கள். ஆய்வக அறிக்கையின் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், வழக்கறிஞரிடம்கூட நகல் போதும்.