மனச்சோர்வை ஸ்கேன் காட்டுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. மூன்று மாதமாகச் சரியான நித்திரை இல்லை. ஆசையாகச் செய்த எதிலும் இப்போது மனம் செல்வதில்லை. மனநல வைத்தியர் பேசிப் பார்த்துவிட்டு மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் எப்படிச் சொல்லலாம்? நாங்களே காசு கட்டி எடுக்கட்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. வைத்தியர் செய்தது சரியான முறைதான். ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஸ்கேன் இன்னும் எங்கும் இல்லை.

ஆராய்ச்சியில் வித்தியாசங்கள் தெரிகின்றன என்பது உண்மை. 1,728 நோயாளிகளையும் நோயில்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், நோயாளிகளின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருந்தது. ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். அதற்காக ஐந்தரை அடி என்று கேட்டதும் ஆணா பெண்ணா எனச் சொல்லிவிட முடியுமா? ஹிப்போகாம்பஸ் வித்தியாசம் அதைவிட மிகச் சிறியது.

மூளை வேலை செய்வதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கவலையைப் படம் பிடிப்பதில்லை. இரத்தத்தில் ஒக்சிசன் மாறுவதை அளக்கிறது; அந்த மாற்றம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு செக்கன் ஆகும். தலை ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் அளவு பிசகும். படத்தில் தெரியும் சிவப்பு, கணக்குப் போட்ட பிறகு பூசும் நிறம். ஒரே ஸ்கேன் தரவை 70 ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது: எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்கிடவில்லை, முடிவுகளும் பல இடங்களில் முரண்பட்டன.

ஆனாலும் உங்கள் மகளுக்கு எதிலும் மனம் செல்லாததை விளங்கிக்கொள்ள இந்த ஆராய்ச்சி உதவுகிறது. ஸ்கேனுக்குள் காசு வெல்லும் சிறு விளையாட்டைக் கொடுத்தால், வெற்றிக்குத் துலங்கும் ஸ்ட்ரயேட்டம் என்ற மூளைப் பகுதி நோயாளிகளிடம் சராசரியாகக் குறைவாகவே துலங்குகிறது. ஆகவே அவரைச் சோம்பேறி என்று வீட்டில் யாரும் ஏச வேண்டாம்.

வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், புதிதாக வந்த கடும் தலையிடி, அல்லது முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு என்றால் வைத்தியரே ஸ்கேன் கேட்பார். அது கட்டி, பக்கவாதம் போன்றவை இல்லை என்று உறுதிப்படுத்த. இப்போதைக்குத் தைரொயிட், ஹீமோகுளோபின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

மாத்திரை நன்றாக வேலை காட்ட 4 முதல் 6 வாரம் செல்லும். முதலில் வயிற்றுப் பிரட்டல், படபடப்பு வரலாம். சுகமாகிவிட்டதென்று திடீரென நிறுத்தவும் கூடாது. 25 வயதுக்குக் குறைந்த சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுவதுண்டு. பக்கத்திலேயே இருங்கள், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அப்படி ஏதும் சொன்னால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.