தொடர்மாடியில் மீட்டர் மாறி, வேறு வீட்டுக் கரண்ட் பில் எனக்கு வருகிறது. என்ன செய்யலாம்?

"வீட்டில் இரண்டு பேர்தான், ஏசி கிடையாது, ஆனாலும் மாதம் 180 யூனிட் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரரோடு மனக்கசப்பு வராமல் எப்படிக் கேட்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் கரண்ட் அவர் வீட்டுக்குத்தான் போகிறது என்பதே இன்னும் நிச்சயமில்லை. நான் அப்படி நினைத்துப் பிழைவிட்டவன்.

நான் இருப்பது திருகோணமலையில், உவர்மலைப் பக்கம். கொழும்பில் இருக்கிற மாதிரிப் பெரிய தொடர்மாடி இல்லை. மூன்று தட்டு, தட்டுக்கு இரண்டு வீடாக ஆறு வீடு. மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஆறு மீட்டர் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே வீட்டுச் சொந்தக்காரர் பெயின்றால் எழுதிய இலக்கம், உப்புக்காற்றில் பாதி உரிந்துபோய். என்னுடையது நடுத்தட்டில் கடல் பக்கம் இருக்கும் 3 ஆம் இலக்க வீடு. மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு பிரிட்ஜ், இரண்டு ஃபான், ஞாயிற்றுக்கிழமை அயன் பண்ணுவது, அவ்வளவுதான். குடிவந்து முதல் பில் 196 யூனிட். கச்சான் காற்று அடிக்கும் காலம், ஃபான் கூட ஓடியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்த மாதம் 203. ஃபானுக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மீட்டர் மாறிவிட்டது" என்று நாம் ஒரே வசனத்தில் சொல்வது உண்மையில் மூன்று வேறு விஷயம். மின்சாரக் கந்தோர்ப் பதிவில் உங்கள் கணக்கு இலக்கம் வேறு மீட்டரோடு சேர்ந்திருக்கலாம். மீட்டருக்கு மேலே எழுதிய வீட்டு இலக்கம் பிழையாக இருக்கலாம். அல்லது மீட்டரிலிருந்து புறப்படும் வயர் வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் வயர்மனைக் கூப்பிட்டால் காசும் போகும், குழப்பமும் இரட்டிப்பாகும்.

முதலாவதைக் கண்டுபிடிக்க யாரும் தேவையில்லை. பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். அதில் கடைசியாக எடுத்த வாசிப்பு இருக்கும். எந்த மீட்டர் அந்த எண்ணைவிடக் கொஞ்சம் கூட ஓடியிருக்கிறதோ, அதற்குத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள். மேலே என்ன இலக்கம் எழுதியிருந்தாலும் சரி. எங்கள் கட்டடத்தில் 3 ஆம் வீட்டுப் பில் 3 என்று எழுதிய மீட்டரோடு சரியாகப் பொருந்தியது. ஆகவே மீட்டர் பார்க்க வருகிற தம்பியில் பிழையில்லை. அவர் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்.

அடுத்தது, உங்கள் வீட்டுக்கு உண்மையில் கரண்ட் தருகிற மீட்டர் எது என்பது. இப்போதைய மீட்டர்களில் ஒரு சின்னச் சிவப்பு லைட் மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்ன வேண்டும் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். 1600, 3200 என்பவை அடிக்கடி காணும் எண்கள். 1600 உள்ள மீட்டரில் 2000 வோட் (watt) கேத்தில் ஒன்றைப் போட்டால் நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் மின்னும். பிரிட்ஜ் மட்டும் ஓடினால் இருபது செக்கனுக்கு ஒரு தடவை அளவில்தான். வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பழைய வட்டத்தகடு சுற்றும் மீட்டர் என்றால் தகட்டின் வேகத்தைப் பாருங்கள்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். ஒரு ஞாயிறு காலை வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கீழே ஓடினேன். 3 ஆம் மீட்டர் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு நேர் மேலே 5 ஆம் வீட்டில் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டு ஏசி, மூன்று பிள்ளைகள். கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, எனக்குப் பில் குறைவா வந்தது மெய்தான். புது மீட்டர் மெதுவா ஓடுதாக்கும் எண்டு நெனச்சன்" என்றார். அவருடைய மெயினை நிறுத்தியதும் 3 ஆம் மீட்டர் நின்றது. இருவரும் சிரித்தோம், தேத்தண்ணி குடித்தோம், மூன்றும் ஐந்தும் இடம் மாறிவிட்டன என்று கந்தோருக்குக் கடிதமும் எழுதினேன்.

நல்ல காலம், அதைக் கொடுக்கவில்லை. என் மெயினை நிறுத்தியபோது எது நின்றது என்று நான் பார்க்கவே இல்லை. ஐந்தாம் மீட்டர்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதைக் காட்டித்தந்தவர் முன்வீட்டு ரீச்சர். 4 ஆம் வீடு, ஓய்வுபெற்றவர், தனிய இருக்கிறார். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "என்ர பில்லும் ஒருக்கா பாருங்கோ தம்பி, என்னத்தைக் குறைச்சாலும் குறையுதில்லை" என்றார். 63 யூனிட். இரவில் பிரிட்ஜை நிறுத்திவிட்டு, ஒரு லைட்டில் இருந்து சமைத்துச் சாப்பிடுகிற மனிசிக்கு 63. இந்த 63 ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு அட்டவணை. 60 ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் கூடும். பிறகு 90, 120, 180 என்று படிகள். ரூபாய்க் கணக்கு அடிக்கடி மாறும், படிகள் இருக்கின்றன. மூன்று யூனிட்டால் ரீச்சர் அடுத்த அட்டவணைக்குப் போயிருந்தார், அதுவும் வேறு யாரோ ஓட்டிய யூனிட்டில்.

ஆகவே ஆறு வீட்டையும் ஒன்றாகச் சோதித்தோம். ஒருவர் மீட்டருக்கு முன்னால் கொப்பியோடு, ஒருவர் மேலே போனோடு. ஒரு நேரத்தில் ஒரு வீட்டு மெயினை மட்டும் நிறுத்துவது, ஆறு மீட்டரையும் பார்த்து எது நின்றது என்று எழுதுவது, திரும்பப் போடுவது, எது ஓடத் தொடங்கியது என்றும் எழுதுவது. வெளிவந்தது இதுதான்: 1 சரி, 6 சரி. 2 ஆம் மீட்டர் என் வீட்டுக்கு. 3 நானா வீட்டுக்கு. 4 ஆம் மீட்டர் கீழே 2 ஆம் வீட்டு அண்ணைக்கு. 5 ரீச்சருக்கு. நான் நானாவுக்குக் கட்டினேன், நானா ரீச்சருக்குக் கட்டினார், ரீச்சர் கீழ்வீட்டு அண்ணைக்குக் கட்டினார், அண்ணை எனக்குக் கட்டினார். அண்ணையின் பாவனையும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ரீச்சர் இருட்டில் இருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் நானாவின் பில்லில் குறைந்திருக்கிறது.

பேய் வேலை மாதிரி இருந்தது. கொப்பியில் கட்டடத்தைக் கீறிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வயரிங் செய்தவர் கடல் பக்கத்தைக் கீழிருந்து மேலே 1, 2, 3 என்றும், மற்றப் பக்கத்தை 4, 5, 6 என்றும் எண்ணியிருக்கிறார். வயர் நிலைக்குத்தாகத்தானே மேலே ஏறும், அவருக்கு அது இயல்பு. சொந்தக்காரர் கதவுக்கு இலக்கம் போட்டது தட்டுத் தட்டாக: கீழே 1, 2, நடுவில் 3, 4, மேலே 5, 6. இப்படி எண்ணினால் முதலாவதும் கடைசியும் தானாகவே பொருந்தும், நடுவிலுள்ள நான்கும் சுழன்றுவிடும். உங்கள் கட்டடமும் தட்டுக்கு இரண்டு வீடு என்றால், ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எண்ணிப் பாருங்கள். சோதனைக்கு முதலே பாதி விடை வந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நாங்கள் காலையில் சோதித்தபோது 5 ஆம் மீட்டர் முழுக்க நின்றது. பின்னேரம் ஆறரைக்குத் தற்செயலாக ரீச்சரின் மெயின் நிறுத்தியிருக்கையில் பார்த்தால், நிமிடத்துக்கு ஒரு தடவை போல மின்னிக்கொண்டிருக்கிறது. மாடிப்படி லைட்! நாலு பல்ப்பும் அவருடைய மெயினுக்கு முன்னாலேயே அந்த வயரில் இழுக்கப்பட்டிருந்தன. நாலும் சேர்த்து 40 வோட்தான், ஆனால் விடிய விடிய எரிந்தால் மாதம் 14 யூனிட் வரும். மீட்டரை மட்டும் சரிசெய்துவிட்டுப் போயிருந்தால், அதுவரை நானா தெரியாமல் கட்டிய படி லைட் ரீச்சரின் தலையில் விழுந்திருக்கும். ஆகவே சோதனையை இரவிலும் ஒருமுறை செய்யுங்கள். தண்ணி மோட்டர் ஓடும்போதும் செய்யுங்கள்.

நானா நல்ல மனிசன், ஆனால் வியாபாரி. "நாலு பேரும் பில்ல மாத்திக் கட்டினாச் சரிதானே, கந்தோர் எதுக்கு?" என்று கேட்டார். காசுக்கணக்குக்கு அது சரிவரும். ஆனால் நான் கோபத்தில் பில் கட்டாமல் விட்டிருந்தால், சிவப்பு நோட்டீஸ் என் பெயரில் வந்து, வந்து வெட்டுகிறவர் 3 ஆம் மீட்டரைத்தான் வெட்டுவார். இருட்டில் இருப்பது நானாவின் பிள்ளைகள். அதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது. என் வீட்டில் வேலை செய்ய வருகிற வயர்மன் கீழே 3 என்று எழுதிய பிரேக்கரை இறக்கிவிட்டு, கரண்ட் இல்லை என்று நம்பி வயரில் கை வைப்பார். இதைச் சொன்னதும் நானா வேறு பேசவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் காசை வைத்துத் தொடங்காமல் இதை வைத்துத் தொடங்குங்கள், கதை வேறு மாதிரிப் போகும். இன்னொன்று, கையோடு அவரை மீட்டருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணால் கண்டவர் சண்டைக்கு வரமாட்டார்.

கந்தோர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. நாலு வீட்டுக் கணக்கு இலக்கம், மீட்டர்களில் உள்ள இலக்கம், சோதனை செய்த திகதி, எதை நிறுத்த எது நின்றது என்ற அட்டவணை, நாலு பேரின் கையெழுத்து. எல்லாம் ஒரே கடிதத்தில். தனித்தனியாக நாலு முறைப்பாடு கொடுத்தால் ஒன்றைச் சரிசெய்யப்போய் மற்றதைக் கெடுப்பார்கள். கணக்கு சொந்தக்காரர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். எங்களுக்கு அதற்குத்தான் அலைச்சல். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வருகிற பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள். முடியாவிட்டால் கடைசித் திகதிக்கு முதல் எழுத்தில் அறிவியுங்கள்.

இரண்டு உத்தியோகத்தர்கள் வந்து எங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். நான் வயரை மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு சீலும் வெட்டவில்லை. வயர் எதுவும் கெட்டுப்போகவில்லை, இலக்கம்தானே பிழை. பதிவில் மீட்டரை உரிய கணக்கோடு சேர்த்துவிட்டு, சுவரில் இருந்த இலக்கத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள். (கதவு இலக்கத்தை மாற்றினால் போதாதா என்று ரீச்சர் கேட்டார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வாக்காளர் இடாப்பு, கடிதம், கிராம சேவகர் பதிவு எல்லாம் பிறகு சுழன்றிருக்கும்.) பழைய மாதங்களை ஒவ்வொரு மாதமாகத் திரும்பக் கணக்குப் பார்த்து எனக்கு வந்ததை அடுத்தடுத்த பில்களில் கழித்தார்கள். நானாவுக்கு நிலுவை வந்தது, தவணையாகக் கட்டினார். உங்களுக்கும் இப்படித்தான் திருத்த வேண்டும். யூனிட் வித்தியாசத்தை ஒரு விலையால் பெருக்கிக் காசு கேட்காதீர்கள், படிக்கட்டணத்தில் அது சரிவராது.

மீட்டரின் மூடியையோ சீலையோ நீங்களோ உங்கள் வயர்மனோ தொடவே கூடாது. எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சீல் வெட்டுப்பட்டிருந்தால் கதை கரண்ட் களவாக மாறிவிடும். மீட்டருக்குப் பிறகு வருகிற பிரேக்கரிலிருந்து இந்தப் பக்கம்தான் நம்முடைய வயர்மனுக்கு. மின்சார முறைப்பாட்டுக்கு 1987 என்ற இலக்கம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தும் அசைவில்லை என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், பாவனையாளர் பிணக்குகளை அவர்கள் பார்ப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

படி லைட் மட்டும் இன்னும் ரீச்சரின் வயரில்தான் இருக்கிறது. தனி மீட்டருக்குச் சொந்தக்காரர் இதோ அதோ என்கிறார். ஆறு வீடும் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் ரீச்சரிடம் கொடுப்பது என்று பேசி முடித்தோம். ஐந்து வீடு ஒழுங்காக நடக்கிறது, ரீச்சர் தன் பங்கையும் கொப்பியில் எழுதுகிறார். கீழ்வீட்டு அண்ணைதான், தான் படியே ஏறுவதில்லை என்று இன்னும் தரவில்லை.