தந்தை எழுதச் சொன்ன தேர்வு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்குத் தீயணைப்புத் துறையில் பணி நியமன ஆணை வந்திருக்கிறது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றையும் கடந்து கிடைத்த வேலை. உங்கள் குடும்பத்தில் முதல் அரசு வேலையும் அதுதான். அவரோ கல்லூரி நாட்களிலிருந்தே மேடை ஏறி ஆட்களைச் சிரிக்க வைப்பவர். தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகராக வேண்டும் என்கிறார். இந்த வேலையில் சேர்ந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நெருப்போடு மல்லுக்கட்டுகிற வேலையும் சிரிப்பு மூட்டுகிற வேலையும் ஒரே ஆளிடம் ஒட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டும், அம்மா. அப்படி ஒட்டியதை ஒரு மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். அவர் நம் ஊர்க்காரர் அல்லர், நியூயார்க்காரர். ஆனால் அவருடைய தந்தை எடுத்த முடிவைப் படிக்கும்போது நம் தெருவில் யாரோ எடுத்த முடிவு போலத்தான் இருக்கும்.

ஸ்டீவ் புசெமியை உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். சிவப்புத் தொப்பியைத் திருப்பிப் போட்டு, ஸ்கேட்டிங் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, நடுத்தர வயது ஆள் ஒருவர் பள்ளிப் பிள்ளைகள் நடுவே வந்து "என்ன பிள்ளைகளா, எப்படி இருக்கிறீர்கள்?" என்பது போல நிற்கும் படம் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகிறதே, அதில் இருப்பவர் அவர்தான். '30 ராக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் 2012இல் வந்த காட்சி அது. மகனிடம் அந்தப் படத்தைக் காட்டி, "இவர் தீயணைப்பு வீரராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

புசெமி 1957 டிசம்பரில் புரூக்ளினில் பிறந்தார். தந்தை நியூயார்க் மாநகராட்சியில் தூய்மைப் பணியாளர். கொரியப் போரில் பணியாற்றித் திரும்பியவர். தாய் ஓர் உணவகத்தில் விருந்தினரை வரவேற்று அமர வைக்கும் வேலையில் இருந்தார். ஆண் பிள்ளைகள் நால்வர். கலைக்கும் அந்த வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பள்ளியில் மல்யுத்த அணியிலும் நாடகக் குழுவிலும் இருந்த பையன், 1975இல் பள்ளிப் படிப்பை முடித்ததும் நடிக்கப் போகிறேன் என்றார். தந்தை போகாதே என்று தடுக்கவில்லை. அரசுப் பணித் தேர்வு எதையாவது எழுதி வை என்று மட்டும் சொன்னார். 18 வயதில் மகன் தீயணைப்புத் துறைத் தேர்வை எழுதினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னிடம் வரும் பெற்றோர் பலர், "தேர்வு எழுது" என்று சொல்லும்போதே "அந்தக் கனவை விடு" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையின் காதில் இரண்டாவது செய்திதான் விழுகிறது. பிறகு தேர்வே அவனுக்கு எதிரியாகத் தெரிகிறது. புசெமியின் தந்தை முதல் செய்தியோடு நிறுத்திக்கொண்டார். தேர்வு எழுதிய பையன் நடிப்புப் பயிற்சிக்கும் போனார். சிறு வயதில் பேருந்து மோதி மண்டை எலும்பு முறிந்ததற்காக நகர நிர்வாகம் தந்த இழப்பீடு 6,000 டாலர், 18 வயது ஆனதும் அவர் கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் மன்ஹாட்டனில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடிப்புப் பயிற்சி நிலையத்தில் கட்டினார். அடிபட்டதற்காக வந்த காசை வீட்டுச் செலவுக்கு என்று வாங்கி வைத்துக்கொள்ளாத பெற்றோரை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தேர்வு எழுதியவருக்கு அழைப்பு உடனே வரவில்லை. நியூயார்க் நகரம் 1975இல் கிட்டத்தட்ட திவாலாகும் நிலையில் இருந்தது. இருந்த தீயணைப்பு வீரர்களிலேயே பலரை வீட்டுக்கு அனுப்பிய காலம் அது. புசெமி சுமார் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். மதுக்கூடத்தில் பரிமாறினார், ஐஸ்கிரீம் வண்டி ஓட்டினார், இரவில் மன்றங்களில் தனியாளாக மைக் முன் நின்று நகைச்சுவை பேசிப் பார்த்தார். 1980இல் பணி கிடைத்தது. மன்ஹாட்டனில் 'லிட்டில் இத்தாலி' என்று சொல்லப்படும் பகுதியின் 55ஆம் எண் எஞ்சின் பிரிவில் சேர்ந்தார்.

இனி உங்கள் மகன் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்ததும் புசெமியின் மேடை மூடிவிட்டதா? இல்லை. அவர் மேடையில் நன்றாக வளர்ந்ததே தீயணைப்பு வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில்தான். மார்க் பூன் ஜூனியர் என்ற இன்னொரு நடிகரோடு சேர்ந்து, இருவர் மட்டும் நடிக்கும் குறு நகைச்சுவை நாடகங்களைத் தாங்களே எழுதி, நகரின் கீழ்ப்பகுதியில் இருந்த சிறு அரங்குகளில் போட்டார்கள். சம்பளம் மாதாமாதம் வந்ததால், யார் கூப்பிட்டாலும் எதையும் நடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. தனக்குப் பிடித்த வகையில் சிரிக்க வைக்கக் கற்றுக்கொள்ள முடிந்தது. அந்தத் துறையின் பணிமுறையும் அதற்கு இடம் கொடுப்பது. பகல் முறை 9 மணி நேரம், இரவு முறை 15 மணி நேரம். ஒருவர் முறையை இன்னொருவர் பார்த்துக் கொடுத்துப் பிறகு ஈடு செய்துகொள்ளும் வழக்கத்துக்கு அங்கே 'மியூச்சுவல்' என்று பெயர். பகல், இரவு இரண்டு முறைகளையும் தொடர்ந்து வேலை செய்தால் அடுத்து முழு நாட்கள் ஓய்வாகக் கிடைக்கும்.

நம் ஊரில் முறை எப்படி என்பதை நீங்களோ நானோ ஊகிக்க வேண்டாம். மகனை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நாள் போகச் சொல்லுங்கள். நிலைய அலுவலரிடம் மரியாதையோடு அனுமதி கேட்டு, பணியில் இருப்பவர்களிடம் வாரம் எப்படிப் போகிறது, ஓய்வு நாளில் திடீரென்று அழைப்பு வருமா, விடுப்பு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டு வரட்டும். ஒரு மணி நேரம் போதும். இணையத்தில் பத்து நாள் தேடினாலும் கிடைக்காத விவரம் அங்கே கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் உங்கள் மகன் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவர் வேறு வருமானம் தரும் வேலை செய்ய முன் அனுமதி பெற வேண்டும். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கவும் கூடாது. இன்று மேடை நகைச்சுவையில் பாதி அரசியல் கிண்டல்தான் என்பது உங்களுக்கே தெரியும். யூடியூபில் ஒரு சானல் தொடங்கிக் காசு வருவதும் வருமானம்தான். ஆகவே தொலைக்காட்சியோ மேடையோ, எழுத்து மூலம் அனுமதி கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்ட பிறகே ஏற வேண்டும். இன்னொன்றும் சொல்வேன், இது எந்த விதியிலும் இல்லாவிட்டாலும்: வீடு எரிந்து நிற்கும் குடும்பத்தை மேடையில் நகைச்சுவையாக்கக் கூடாது. நிலையத்துக்குள் நடக்கும் கேலியும் சமையலும் சண்டையும் அவருக்குப் போதும் போதும் என்கிற அளவு சரக்கு தரும்.

புசெமி 1984இல் வேலையிலிருந்து விலகினார். திரைப்படம் ஒன்றில் பெரிய பாத்திரம் அமைந்தது. அந்தப் படம் 1986இல் வெளிவந்தது. அந்நாளில் 20 ஆண்டுகள் முடித்தால் ஓய்வூதியம் கிடைத்த வேலை. நான்கே ஆண்டுகளில் விட்டுவிட்டாரே என்று நீங்கள் பதறலாம். ஆனால் அவர் விட்ட நேரத்தைப் பாருங்கள். மேடை ஏறத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. மேடையில் கூட நடிக்கும் துணை இருந்தார். பார்க்க வரும் கூட்டம் இருந்தது. கையில் ஒரு பாத்திரம் உறுதியாகியிருந்தது. ஆசையை மட்டும் நம்பி அவர் வேலையை விடவில்லை.

அதன் பிறகும் கதவு சட்டென்று திறக்கவில்லை. உலகம் அவரைப் பேர் சொல்லி அறிந்துகொண்டது 1992இல். அப்போது வயது 34. 'போர்டுவாக் எம்பயர்' தொடரில் கதாநாயகனானது 2010இல், வயது 52. அதற்காக அடுத்த ஆண்டே கோல்டன் குளோப் விருது கிடைத்தது. 'மிராக்கிள் ஒர்க்கர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில், படைத்த உலகத்தைப் பார்த்தே அலுத்துப்போன கடவுளாக அவர் வந்தது 2019இல். அந்தக் கடவுளைப் பார்த்துச் சிரிக்காதவர்களை நான் கண்டதில்லை. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மகன் மேசைமேல் வையுங்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மூன்று வாரம் வந்தால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

இதுவரை சொன்னதைப் படித்து, தீயணைப்புப் பணி என்பது கனவுக்குச் செலவு தரும் வசதியான இடம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். புசெமி வேலை பார்த்த அதே நிலையத்திலிருந்து போனவர்களில் சிலரும் திரும்பவில்லை. அவர் வேலையை விட்டு 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவர் பெயர் பெற்ற நடிகர். தாக்குதலுக்கு அடுத்த நாள் பழைய பிரிவைத் தேடிப் போய், உடுப்பு மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று இடிபாடுகளில் சக வீரர்களோடு தோண்டினார். புகைப்படத்துக்கோ பேட்டிக்கோ நிற்கவில்லை. சுமார் ஐந்து நாட்கள் இருந்து வீடு திரும்பிய பிறகுதான் அது தன்னைத் தாக்கியது என்றும், மனச்சோர்வு வந்து சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் இருந்தது என்றும் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றுக்காகத் தன் பழைய தோழர்களிடம் போய், இந்த வேலை மனத்துக்குள் விட்டுச் செல்வதைப் பற்றிப் பேசவும் வைத்தார். 2003இல் நியூயார்க்கில் தீயணைப்பு நிலையங்களை மூட முயன்றபோது தொழிற்சங்கத்தாரோடு தெருவில் நின்று கைதானவரும் அவரே.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "பாதுகாப்பான அரசு வேலை" என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் பாதுகாப்பானது, வேலை அப்படி அல்ல. உங்கள் மகன் தயங்குவதில் மேடை ஆசை எவ்வளவு, நெருப்பைப் பற்றிய பயம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா? பயம் என்றால் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கலாம். இந்த வயதுப் பையன் அம்மாவிடம் "பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட "எனக்குக் கனவு இருக்கிறது" என்று சொல்வது எளிது. அதனால் கோபப்படாமல், தனியாக இருக்கும்போது, தந்தை இல்லாத நேரத்தில் கேளுங்கள். பயம் என்றால் அதில் இழுக்கு ஒன்றும் இல்லை; பயிற்சியில் போகும் பயமா, போகாத பயமா என்று பார்க்கலாம். அப்படிப்பட்டவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் அவருக்கும் ஆபத்து, அவரோடு ஏணி ஏறுபவருக்கும் ஆபத்து.

பயம் இல்லை, மேடை மட்டும்தான் தடை என்றால் என் கருத்து தெளிவானது: சேரட்டும். நியமன ஆணையை வரி விடாமல் படியுங்கள். பயிற்சியின் நடுவே விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, தகுதிகாண் பருவம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்தில் மேடையை முழுவதும் மறந்துவிட வேண்டும். அந்த மாதங்களில் உடம்பும் தூக்கமும் வேறு எதற்கும் மிஞ்சாது. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கையில் இருக்கட்டும். நிலையத்தில் அமர்ந்த பிறகு, மாதம் ஒரு முறையாவது சிறிய மேடையில், காசு வாங்காமல், அனுமதி பெற்று ஏறட்டும். புசெமிக்கு மார்க் பூன் ஜூனியர் கிடைத்ததைப் போல, கூட எழுதி மேடையில் தோள் கொடுக்க ஒரு துணையையும் தேடிக்கொள்ளட்டும். தனியாள் என்றால், வேலை நேரம் மாறியதும் நிகழ்ச்சி நின்றுவிடும். இருவர் என்றால் ஒருவர் இன்னொருவரை இழுத்துக்கொண்டு போவார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் வேலையை விடுகிறேன் என்று வந்தால், அன்று அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை முறை மேடை ஏறினாய், எத்தனை பேர் உன்னைத் தேடி வந்தார்கள், கையில் எழுத்து மூலம் என்ன வாய்ப்பு இருக்கிறது. பதில் இருந்தால் தடுக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடுங்கள். மகன் மேடையில் பேசியதை அவர் இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பணியில் சேரும் தேதிக்கு முன் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். எந்த இடத்தில் ஆட்கள் சிரித்தார்கள், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.