கேள்வி – பதில்: தேங்காய் ஏன் பஞ்சுபோல் விழுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் நான்கு கடிதங்கள், பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இரண்டு கீஃப்ரேம்களுக்கு (பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று நாம் குறித்து வைக்கும் புள்ளிகள்; சுருக்கமாகக் ‘கீ’) இடையே ஓடும் வளைகோட்டை எப்படித் திருத்துவது என்ற ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நால்வரும் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம், என்று வைத்து வேலை செய்கிறவர்கள். பதில்களில் வரும் எண்களும் அந்தக் கணக்கில்தான்.

எங்கள் தோப்பைப் பற்றி ஒரு சிறு அனிமேஷன் படம் செய்கிறேன். 11 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நெற்றுத் தேங்காய் விழ வேண்டும். முதல் ஃப்ரேமில் மேலே ஒரு கீ, 37-ஆம் ஃப்ரேமில் தரையில் ஒரு கீ வைத்தேன். தரையை நெருங்கும்போது தேங்காய் வேகம் குறைந்து பஞ்சுபோல் உட்காருகிறது. நடுவில் பத்துப் பன்னிரண்டு கீ சேர்த்துப் பார்த்தேன். இப்போது விட்டு விட்டு விழுகிறது. என்ன செய்வது, ஐயா?
– கல்லூரி மாணவி, ஈத்தாமொழி

முதலில் நடுவில் சேர்த்த கீக்களை எல்லாம் அழித்துவிடுங்கள். நீங்கள் தொடக்கத்தில் வைத்த இரண்டு கீக்களும் மிகச் சரியானவை. தேங்காய் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் கீ சொல்கிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்வது வளைகோடு. அந்த இரண்டாவது வேலையை நீங்கள் மென்பொருளிடமே விட்டுவிட்டீர்கள்.

இந்த வளைகோடுகளைக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, உயரத்துக்குரிய இசட் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக உயரம். கோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில் பொருள் வேகமாகப் போகிறது, படுத்துக் கிடக்கும் இடத்தில் ஏறக்குறைய நிற்கிறது. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் பிளெண்டர் இந்த இரண்டு கீக்களுக்கும் இடையே, இரு முனையிலும் படுத்திருக்கும், பெசியர் என்ற வழவழப்பான வளைகோட்டைப் போடுகிறது. மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்கிற அந்த நடை, கதவு திறப்பதற்கும் ஒருவர் தலையைத் திருப்புவதற்கும் பொருந்தும். தேங்காய்க்குப் பொருந்தாது. காம்பை விட்ட நொடியில் மட்டுமே அது மெதுவாக இருக்கிறது; அதன் பிறகு தரையைத் தொடும்வரை அதன் வேகம் ஏறிக்கொண்டேதான் போகும்.

உங்கள் 36 ஃப்ரேம் என்பது ஒன்றரை நொடி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் பாதியான 4.9-ஆல் மீண்டும் பெருக்கினால் 11 மீட்டர் வருகிறது. நீங்கள் கணக்குப் போட்டு வைத்தீர்களா, கண்ணால் அளந்து வைத்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. எப்படியானாலும் நேரம் கச்சிதமாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

இனி இரண்டு கீக்களையும் தேர்ந்தெடுத்து, ‘வி’ விசையை அழுத்தி, ஹேண்டில் (கீயிலிருந்து இருபுறமும் நீண்டு, கோட்டை வளைக்க உதவும் பிடி) வகையை ‘ஃப்ரீ’ என்று மாற்றுங்கள். மேலே உள்ள கீயின் வலக்கை ஹேண்டிலை 13-ஆம் ஃப்ரேமில், அதே 11 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அதாவது அது படுத்தே இருக்கும். தரையில் உள்ள கீயின் இடக்கை ஹேண்டிலை 25-ஆம் ஃப்ரேமில், 7.33 மீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். விழும் பொருளுக்குரிய பரவளைவு இதுதான். ஏறக்குறைய அன்று, துல்லியமாகவே கிடைக்கும். எந்த உயரத்துக்கும் இந்த விகிதம் மாறாது: முதல் ஹேண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில், தொடங்கிய உயரத்திலேயே, இரண்டாவது ஹேண்டில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்தில், மூன்றில் ஒரு பங்கு உயரம் இறங்கிய இடத்தில். கையால் இழுக்க விருப்பமில்லை என்றால், முதல் கீயைத் தேர்ந்தெடுத்து ‘டி’ விசையை அழுத்தி ‘குவாட்ராட்டிக்’ என்பதைத் தந்தாலும் இதே கோடு வரும். ஆனாலும் முதல் தடவை கையால் இழுத்தே செய்யுங்கள் என்பேன். எந்த ஹேண்டில் எதை மாற்றுகிறது என்பது விரலுக்குப் பழகிவிட்டால் பிறகு எந்த மென்பொருளிலும் தடுமாற மாட்டீர்கள்.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 10, 19, 28 ஆகிய ஃப்ரேம்களில் தேங்காய் முறையே 10.31, 8.25, 4.81 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சம இடைவெளியான ஒன்பது ஒன்பது ஃப்ரேமில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போவதைக் காண்பீர்கள்.

மணலில் விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே கிடந்துவிடும். இறுகிய தரையாக இருந்து ஒரு சாண் உயரம் துள்ளினால், ஏறுவதற்கு 5 ஃப்ரேம், இறங்குவதற்கு 5 ஃப்ரேம் கொடுங்கள். துள்ளலின் உச்சியில் கோடு வழவழப்பாக வளைய வேண்டும். தரையைத் தொடும் இடத்தில் கூராக மடங்க வேண்டும். அந்த மடிப்பைச் சற்றே உருட்டிவிட்டாலும் தேங்காய் ரப்பர் பந்தாகிவிடும்.

கரைக்கு ஏற்றி வைத்த வள்ளம் இரண்டு நொடி அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு கீயிலும் ஒரே உயரம்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இடையில் அது மணலுக்குள் இறங்கி மறுபடி மேலே வருகிறது.
– வாசகர், குளச்சல்

உங்கள் ஹேண்டில்கள் ‘ஆட்டோமேட்டிக்’ வகையில் இருக்கின்றன. அந்த வகை, முன்னும் பின்னும் உள்ள கீக்களைப் பார்த்துச் சாய்வதால், கோடு சமமாக இருக்க வேண்டிய இடத்திலும் தொய்ந்துவிடுகிறது. இரண்டு கீக்களையும் தேர்ந்தெடுத்து, ‘வி’ விசையில் ‘ஆட்டோ கிளாம்ப்டு’ என்று மாற்றினால் தொய்வு போய்விடும்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் போல ஒன்று செய்தேன். முதல் ஃப்ரேமில் 0 டிகிரி, 97-ஆம் ஃப்ரேமில் 360 டிகிரி கொடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இறக்கை நின்று நின்று புறப்படுகிறது.
– அச்சகப் பணியாளர், தோவாளை

ஈத்தாமொழி வாசகிக்குத் தொந்தரவு கொடுத்த, மென்பொருள் தானாகப் போடும் அதே வளைகோடுதான் இங்கேயும் காரணம். கணவாய் வழியாகத் தொடர்ந்து வீசும் காற்றில் ஒரே சீராகச் சுற்றுகிற இறக்கைக்கு நேர்கோடுதான் வேண்டும். இரண்டு கீக்களையும் தேர்ந்தெடுத்து, ‘டி’ விசையில் ‘லீனியர்’ என்று மாற்றுங்கள். பிறகு ஷிஃப்டுடன் ‘இ’ விசையை அழுத்தி, ‘லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கோடு கடைசிக் கீயைத் தாண்டியும் அதே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும். வேறு கீயே வேண்டாம்.

நிமிடத்துக்கு 15 சுற்று என்ற உங்கள் வேகம் பெரிய காற்றாலைக்குப் பொருத்தமானதே. முடிவில்லாமல் ஓடும் காட்சியாக வெளியிடுவதானால் 96-ஆம் ஃப்ரேமோடு நிறுத்துங்கள்; 97-ஆம் படமும் முதல் படமும் ஒன்றே என்பதால், அதையும் சேர்த்தால் சுற்றுக்கு ஒரு முறை சிறிதாகத் தடுக்கும். மூன்று இறக்கைகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்து, காட்சியில் வேறு எதுவும் அசையாமல் இருந்தால் 32 ஃப்ரேம் ரெண்டர் செய்தாலே (இறுதிப் படமாக உருவாக்கினாலே) போதும், ஏனெனில் 120 டிகிரி திரும்பியதும் அதே தோற்றம் வந்துவிடுகிறது. பழைய கணினியில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் மிச்சமாகும்.

தோல்பாவைக்கூத்தின் சாயலில் ஒரு படம் செய்கிறேன். பாவை என்பதால் வெட்டி வெட்டி அசைய வேண்டும் என்று எல்லாக் கீக்களையும் ‘கான்ஸ்டன்ட்’ ஆக்கினேன். பார்த்தவர்கள் பாவைபோல இல்லை என்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பார்த்தவர்கள் சொல்வது சரி. ‘கான்ஸ்டன்ட்’ என்பது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு இடைவழியே இல்லாமல் தாவுவது. திரைக்குப் பின்னால் இருப்பதோ ஒரு மனிதரின் கை. அவர் குச்சியைத் திருப்பும்போது பாவை ஒரு கணமும் இடைவழியை விட்டுவிட்டுத் தாவுவதில்லை. விரைவாகப் போய், சட்டென்று நிற்கிறது. ஆகவே பெசியர் கோட்டையே வைத்துக்கொண்டு, அசைவை 5 அல்லது 6 ஃப்ரேமுக்குள் சுருக்கி, அதன்பின் வசனம் முடியும்வரை அசையாமல் நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியமானது மூட்டு. தோள்பட்டையில் குச்சி இழுத்ததும் மேற்கை (தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி) கிளம்பிவிடுகிறது. முழங்கையில் நூலால் கட்டிய முன்கை தொங்கிக்கொண்டு, சற்றுப் பிந்தித்தான் வந்து சேருகிறது. உங்கள் படத்தில் தோளும் முழங்கையும் ஒரே ஃப்ரேமில் புறப்பட்டு ஒரே ஃப்ரேமில் நிற்கின்றன. கிராஃப் எடிட்டரில் முழங்கைக்குரிய கீக்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘ஜி’ விசையை அழுத்தி 2 அல்லது 3 ஃப்ரேம் வலப்புறமாக நகர்த்துங்கள். மேற்கை நின்ற பிறகு முன்கை தன் இடத்தைச் சிறிது தாண்டிப் போய், ஒரு முறை ஆடித் திரும்பும்படி கடைசியில் ஒரு சிறு மேடும் கொடுங்கள். குளச்சல் வாசகர் வேண்டாம் என்று நீக்கிய அதே வகைத் தாண்டல், இங்கே தோலின் கனத்தைக் காட்டும்.