சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து எதற்கு மாறுவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. 16 ஜிபி ரேம், 200 ஜிபி டேட்டா. டெபியன், உபுண்டு, ராக்கி என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேகமானது எது?

பதில்: வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விடுபட்டுப்போன ஒரே ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) தின்னும் நேரத்துக்கு முன்னால், இவற்றுக்குள் இருக்கும் வேக வித்தியாசம் தூசு. எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) டெபியனுக்கும் சுமார் 5 ஆண்டு. ராக்கி 9-க்கு 2032 வரை. யம் (மென்பொருள் நிறுவும் கருவி), எஸ்இலினக்ஸ் (பாதுகாப்பு அமைப்பு) எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை என்பதால் ராக்கி 9 போதும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் ஓஎஸ்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியிடமிருந்தே (glibc) வாங்குகிறது. அந்த விதி 2.28-ஆம் பதிப்பில் பெரிய அளவில் மாறியது. உங்களிடம் இருப்பது 2.17, ராக்கி 9-இல் 2.34. "1-1", "11" இரண்டையும் அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி, வட்டார அமைப்பு) சார்ட் செய்து பாருங்கள்: பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1. டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்தால் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே இருக்கும். டேபிளில் உள்ள ரெகார்டு தேடினால் கிடைக்காது. ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத யுனிக் நெடுவரிசையில் டூப்ளிகேட் நுழையும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவும் (மாற்றங்களை உடனுக்குடன் பெறும் துணை சர்வர்) பைட்டுக்குப் பைட் நகல்தான், அதே கதி. புதிய போஸ்ட்கிரெஸ் பதிப்பின் பிஜி_டம்ப் கருவியால் டேட்டாவை டைரக்டரி ஃபார்மேட்டில், நான்கு ஜாப் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) வைத்து எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள். இண்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படும். அவ்வளவு நேரம் நிறுத்த முடியாதென்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (பைட்டாக அல்லாமல் ரெகார்டு மாற்றங்களாக அனுப்பும் முறை). ஏற்கெனவே காப்பி செய்துவிட்டீர்களா? யாரையும் உள்ளே விடுவதற்கு முன் ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஓட்டி இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுங்கள்.

அடுத்தது மெமரி. டேட்டாபேஸுக்கு மட்டுமான சர்வர் என்றால் இருப்பதைவிட அதிக மெமரியை ஓஎஸ் வாக்களிக்கலாமா என்று சொல்லும் ஓவர்கமிட்_மெமரி அமைப்பை 2 ஆக்குங்கள். மெமரி தீரும்போது கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) போஸ்ட்கிரெஸ் பிராசஸைக் கொல்லும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். கூடவே ரேமில் எத்தனை சதவீதத்தை அந்த வரம்பில் சேர்ப்பது என்று சொல்லும் ஓவர்கமிட்_ரேஷியோவை 80 ஆக்க மறக்காதீர்கள். டீஃபால்ட் 50-லேயே விட்டால் வரம்பு 8 ஜிபியும் ஸ்வாப்பும் (டிஸ்க்கில் ஒதுக்கிய கூடுதல் மெமரி) மட்டும்தான்; ரேம் மிச்சமிருக்கும்போதே "அவுட் ஆஃப் மெமரி" வரும். போஸ்ட்கிரெஸின் சொந்த கேஷ் அளவான ஷேர்டு_பஃபர்ஸை 4 ஜிபியில் தொடங்கலாம். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்ஸோ எக்ஸ்ட்4-ஓ, எதுவானாலும் சரி.

கேள்வி: விண்டோஸிலிருந்து மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸை லினக்ஸுக்கு மாற்றியதும் "டேபிள் இல்லை" என்கிறது. டேபிள் கண்ணெதிரே இருக்கிறதே?

பதில்: விண்டோஸில் டேபிள் பெயரின் பெரிய, சிறிய எழுத்து ஒன்றுதான், லினக்ஸில் வேறு வேறு. லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். ஆனால் 8-இல் டேட்டா டைரக்டரியை இனிஷியலைஸ் செய்யும்போது மட்டுமே இதை அமைக்க முடியும். பிறகு மாற்றினால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது. டம்ப் எடுத்து, சர்வீஸை நிறுத்தி, டைரக்டரியைக் காலி செய்து, கான்ஃபிக்கில் அந்த வரியைச் சேர்த்து, இனிஷியலைஸ் செய்தபின் டம்ப்பை ஏற்றுங்கள்.