கேரட் காட்டில் வாய்வார்த்தையாகப் பேசிய விலை சட்டப்படி செல்லுமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் கேரட் போட்டிருக்கிறோம். கீழேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் நாலு மூலையிலும் நடுவிலும் பிடுங்கிப் பார்த்து, நின்ற பயிரை மொத்தமாக 1,80,000 ரூபாய்க்குப் பேசினார். பிடுங்குகூலி, மூட்டை, வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. அங்கேயே நின்று 20,000 ரூபாயைக் கூகுள் பேயில் போட்டார். அன்று இரவு வாட்ஸ்அப்பில், "அக்கா, காட்டை வேற யாருக்கும் காட்டிராதீங்க, புதன்கிழமை ஆள் அனுப்புறேன்" என்று குரல் பதிவு வந்தது. மறுநாள் இன்னொரு வியாபாரி 1,75,000-க்குக் கேட்டார். வாக்குக் கொடுத்தாச்சு என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது விலை இறங்கிவிட்டது. புதன்கிழமை போய் ஒரு வாரமாகிறது, ஆள் வரவில்லை. போன் செய்தால், "எழுத்துல ஏதாச்சும் இருக்கா? எனக்குக் காடு வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிப் போடுங்க" என்கிறார். மழையில் கேரட் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்று கேட்பவர்கள் 1,10,000-க்கு மேல் ஏறவில்லை. நான் என்ன செய்ய?

இன்னொன்று. என் மாமியாரைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். காரியத்தன்று என் கணவரின் அண்ணன் சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும், "ரோட்டோரம் இருக்கிற என்னோட அஞ்சு சென்ட் உனக்குத்தாம்மா, வீடு கட்டிக்கோ" என்றார். அதை நம்பிக் கட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரணங்களைப் பிறகு சொல்கிறேன். கேரட் காத்திருக்காது, அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். இன்றே அந்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக இப்படி அனுப்புங்கள்: "எங்கள் தோட்டத்தில் நின்ற கேரட்டை 1,80,000 ரூபாய்க்கு வாங்குவதாகப் பேசி 20,000 ரூபாய் அனுப்பினீர்கள். புதன்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அனுப்பவில்லை. நாளை மறுநாள் மாலைக்குள் மீதிப் பணத்துடன் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் கிடைக்கும் விலைக்கு விற்றுவிட்டு, குறையும் தொகையை உங்களிடம் வசூலிப்பேன்." பேசிய நாளின் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையே ஒரு தாளில் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டுவிடுங்கள். கெடு முடிந்ததும் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, அதிகம் தருபவருக்கு விற்றுவிடுங்கள். முன்பணத்தை இப்போது திருப்பிப் போடாதீர்கள்.

கெட்டுப்போகும் சரக்குக்கு இந்த நோட்டீஸே கட்டாயமில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, அப்படிப்பட்ட சரக்குக்கு நியாயமான நேரத்துக்குள் பணம் வராவிட்டால் விற்பவர் வேறொருவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்கிறது. ஆனாலும் அனுப்புங்கள். அதற்கு அவர் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும், பேச்சை முறித்தது யார் என்ற கேள்வியே நாளைக்கு எழாது.

இனி "எழுத்துல இருக்கா" என்ற கேள்வி. இந்த ஒரு கேள்வியைக் கேட்டே மலைக் கிராமங்களில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவுமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பத்தாவது பிரிவில் கேட்பதெல்லாம் இவைதான்: இருவரும் 18 வயது நிறைந்த, நல்ல மனநிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். மிரட்டலோ ஏமாற்றோ இல்லாமல் சம்மதித்திருக்க வேண்டும். ஒருவர் தருவதற்கு மற்றவர் பதிலாக ஏதாவது தர வேண்டும். காரியம் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக் கூடாது. இன்ன விஷயத்துக்கு எழுத்து வேண்டும் என்று வேறொரு சட்டம் தனியாகச் சொன்னால்தான் எழுத்து வேண்டும். சரக்கு விற்பனைக்கு அப்படிச் சொல்லவில்லை. வாய்ப்பேச்சே போதும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது.

"பயிர் மண்ணில்தானே இருந்தது, அது நில விவகாரம் ஆயிற்றே" என்று அவர் பக்க வக்கீல் கேட்கலாம். நிற்கும் பயிரைப் பிடுங்கி எடுத்துக்கொள்வதாகப் பேசினால் அது சரக்குதான், நிலம் ஆகாது. அதே சட்டத்தின் விளக்கப் பிரிவு, வளரும் பயிரையும் சரக்கு என்ற கணக்கிலேயே சேர்த்திருக்கிறது.

உங்கள் பேச்சில் எதுவும் தொங்கலாக இல்லை. எந்தக் காடு, என்ன விலை, யார் கூலி, என்றைக்கு ஆள் என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. அவர் 20,000 தந்தார். நீங்கள் வந்த வியாபாரியைத் திருப்பி அனுப்பினீர்கள். "நல்ல விலையா பாத்துப் போட்டுத் தர்றேன்" என்று மட்டும் சொல்லிப் போயிருந்தால், அதை வைத்து வரச்சொல்லி வற்புறுத்துவது கடினம். அதற்காகச் சரக்கையும் ஏற்றிப் போனவர் விலை பேசவே இல்லை என்று தப்பிக்க முடியாது. சரக்கை எடுத்துக்கொண்டவர் நியாயமான விலையைத் தந்தே ஆக வேண்டும்.

விலை இறங்கியதால் முடியவில்லை என்பதும் எடுபடாது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கித் தந்த ஏஜென்டுகள், போரால் நிலைமையே மாறிவிட்டது, கூடுதல் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். அலோபி பர்ஷாத் என்று அறியப்படும் அந்த வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நஷ்டமாகிவிட்டது என்பதற்காக அதிலிருந்து விடுதலை கிடையாது. நாளைக்கு விலை ஏறியிருந்தால் அவர் உங்களுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தந்திருக்கப் போவதில்லை. கேரட் தரமில்லை என்று புதிதாகக் கிளப்பினாலும், அவரே ஐந்து இடத்தில் பிடுங்கிப் பார்த்து எடுத்த சரக்கு. வெடிப்பு வந்தது அவர் வராமல் போன பிறகு.

எவ்வளவு கேட்கலாம்? 1,10,000-க்கு விற்றால் குறைவது 70,000. கையில் உள்ள 20,000-ஐக் கழித்தால் அவர் தர வேண்டியது 50,000 ரூபாய். அதே விலைக்கு ஆள் கிடைக்காமல் நீங்களே பிடுங்கி மண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், கூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றுங்கள். முதல் பேச்சில் கூலியும் மூட்டையும் வண்டியும் அவர் தலையில் இருந்தன, நேராக அவருக்கே விற்றதால் கமிஷனும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கி வையுங்கள். கோபத்தில் காட்டை அப்படியே விட்டுவிட்டு முழு 1,80,000-ஐயும் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நஷ்டத்தைக் குறைக்கக் கூடிய வழி இருந்தும் சும்மா இருந்தவருக்கு, அந்தச் சும்மா இருந்த பகுதிக்குக் கோர்ட் பணம் தராது. நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: விலை இறங்காமல் 1,80,000-க்கே வேறொருவர் எடுத்திருந்தால், உங்களுக்கு நஷ்டமே இல்லை. அப்போது விலையின் ஒரு பகுதியாக வந்த முன்பணத்தைத் திருப்பித் தருவதே முறை.

சாட்சியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. கூகுள் பேயில் பணம் வந்த பதிவு, அந்தக் குரல் பதிவு, மறுநாள் 1,75,000-க்குக் கேட்டவர். அன்றைய சந்தை விலைக்கு அவரே நல்ல சாட்சி. அந்த போனை மாற்றவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குரல் பதிவைப் பென்டிரைவில் நகலாகக் கொடுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். வக்கீலிடம் இதை மறக்காமல் கேளுங்கள். நல்ல வழக்குகள் பல இந்த ஒரு தாள் இல்லாமல் நொண்டுகின்றன.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லி ஊரில் நிச்சயம் சொல்வார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவிலேயே ஒரு உதாரணம் உண்டு: சாயம் எடுக்கும் அவுரிச் செடியைத் தருவதாக முன்பணம் வாங்கும்போதே அதைத் தரும் எண்ணம் இல்லாதவன் செய்வது மோசடி, தரும் எண்ணத்தோடு வாங்கிப் பிறகு வாக்குத் தவறியவன் மேல் சிவில் வழக்குதான். உங்கள் ஆள் பணம் கொடுத்தவர், விலை இறங்கியதும் பின்வாங்கியவர். ஸ்டேஷனுக்கு அலைந்து நாளை வீணாக்காதீர்கள்.

வழக்குக்காக அவர் ஊருக்கு இறங்கிப் போக வேண்டியதும் இல்லை. பேச்சு முடிந்தது உங்கள் காட்டில், சரக்கை எடுக்க வேண்டிய இடமும் அதுதான். அதனால் கொடைக்கானல் நீதிமன்றத்திலேயே போடலாம். மூன்று வருடம் அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே அந்த வியாபாரியை அழைத்து லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்க வழி இருக்கிறது. அங்கே எழுதப்படும் தீர்வு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஐம்பதாயிரத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

இடையில் ஒன்று. மண்டியில் விதைக்கும் உரத்துக்கும் பணம் வாங்கும்போது எழுதாத புரோநோட்டிலோ தொகை போடாத செக்கிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் மேல்மலையில் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்திட்டால் அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பேச்சில் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது.

இப்போது அஞ்சு சென்ட். இங்கே நான் சொல்லப்போவது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். முன்பின் தெரியாத வியாபாரியோடு பாத்தி ஓரத்தில் பேசியது கட்டுப்படுத்துகிறது. நூறு பேர் முன்னால் சொந்தக்காரர் சொன்னதைக் கொண்டு அந்த நிலத்தை உங்கள் பெயருக்குக் கொண்டுவர முடியாது. நிலத்தைத் தானமாகக் கொடுக்க, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி, கொடுப்பவர் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளோடு, பதிவு செய்த பத்திரம் வேண்டும். சபையில் சொன்ன சொல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் பட்டா அவர் பெயரில்தான் இருக்கும்.

குடும்பத்துக்குள் பாசத்தில் பேசுவதை நீதிமன்றங்கள் பொதுவாக ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வதில்லை. இலங்கையில் அரசு வேலை பார்த்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லி நிறுத்திவிட்டார். மனைவி போட்ட வழக்கு 1919-இல் அங்கே தோற்றது. நம் நாட்டிலும் அந்தத் தீர்ப்பை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

உங்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. தாயைப் பார்ப்பது மகனின் சட்டக் கடமை. அவர் செய்ய வேண்டியதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஏற்கெனவே அப்படி மனமுவந்து செய்த வேலைக்கு ஈடு தருவதாகச் சொன்னால், பதில் எதுவும் பெறாவிட்டாலும் அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பணமாக ஈடு கேட்க அதை வைத்து வாதாடலாம். நிலம் கேட்க அது போதாது, அஸ்திவாரம் தோண்ட நிச்சயமாகப் போதாது.

அவர் மனதாரச் சொன்னவர் என்றே உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படியானால் தள்ளிப்போடாமல் நேரில் போய், "மச்சான், நீங்க சொன்ன இடத்தைப் பத்திரம் பண்ணிக் குடுத்துட்டா வேலையை ஆரம்பிச்சிருவோம்" என்று நீங்களும் உங்கள் கணவரும் கேளுங்கள். பட்டா அவர் ஒருவர் பெயரில் இருக்கிறதா, பூர்வீகச் சொத்தாகப் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று போட்டு எடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகி, பட்டா மாறிய பிறகு ஜல்லி இறக்குங்கள்.